ஞாயிறு ஐந்து பத்துக்கு முடியும் ஏலம்

என் அத்தை மகள் வெங்கடம்மாவை விஜயபுரத்தில் கொடுத்தோம். அவள் பெற்றது நான்கு, தங்கியது இரண்டு. அதில் இளையவன் கோவர்த்தனன். ஒரு கடையில் வேர்க்கடலை வாங்கினால் எதிர்க்கடைத் தராசில் வைத்துப் பார்த்துவிட்டுத்தான் வீட்டுக்கு வருவான். பெண் பார்க்கப் பாகாலாவுக்குப் போனபோது, காபி கொண்டுவந்த சுலோசனாவிடம் எங்கள் எல்லார் முன்னாலும், "இது நீ போட்டதா?" என்று கேட்டான். அவள் கொஞ்சமும் கூசாமல், "அக்கா போட்டது. நான் போட்டா இதவிட மோசமா இருக்கும்" என்றாள். பொய் சொல்லாத பெண் என்று அங்கேயே சரி என்றுவிட்டான்.

கல்யாணம் ஆகி ஒரு வருஷத்தில் குவைத்துக்கு டிரைவர் வேலைக்குப் போனான். அப்போது எங்கள் பக்கத்தில் வீட்டுக்கு ஒருவர் குவைத்திலோ பெங்களூரிலோ சென்னையிலோ இருந்த காலம். சுலோசனா பாகாலாவில் தாய்வீட்டிலேயே இருந்தாள். நாலரை வருஷம் கழித்து, இரண்டாயிரத்து ஏழில், லீவில் வந்தான். மகள் தரணிக்கு நாலு வயது. போட்டோவில் பார்த்த ஆளை நேரில் கண்டதும் தண்ணீர்த் தொட்டிக்குப் பின்னால் போய் ஒளிந்துகொண்டது குழந்தை. மூன்றாம் நாள் காலை இவன் முகச்சவரம் செய்துகொண்டிருந்தபோது, உள்ளே அது தாயிடம் கேட்டது:

"அம்மா, இவுரு எப்போ ஊருக்குப் போவாரு?"

கத்தியைக் கழுவி வைத்துவிட்டு இவன் சுலோசனாவிடம் சொன்னான்: "நான் போவலம்மே."

"போவாம? இங்க இன்னா பண்ணுவே?"

அதுதான் கேள்வி. குவைத்தில் அவனுக்கு இருந்த தங்கும் அனுமதியை அக்காமா என்பார்கள். ஆறு மாதத்துக்குள் திரும்பிப் போகாவிட்டால் அது செத்துப்போகும். அதற்குள் இங்கே ஒரு பிழைப்பு நிலைக்க வேண்டும், இல்லாவிட்டால் விமானம் ஏற வேண்டும்.

பிழைப்பைக் காட்டியவன் அவன் சகலை அப்பாவு. சுலோசனாவின் அக்காள் சிவசங்கரியின் புருஷன், திருப்பதியில் ஒரு லாட்ஜில் எலெக்ட்ரீசியன். பாகாலா வழியாகப் போன சின்ன ரயில் பாதையைப் பெரிதாக்கியபோது கழித்துப்போட்ட பழைய கைவிளக்குகள், சிவப்புக் கண்ணாடியும் பச்சைக் கண்ணாடியும் வைத்தவை, துலுக்காணம் என்கிற இரும்புக்கடைக்காரரிடம் ரசீதோடு மூட்டை மூட்டையாகக் கிடந்தன. கம்ப்யூட்டரில் ஏலம் விடுகிற சைட் ஒன்றில் அவற்றைப் போட்டால் பெங்களூர்க்காரர்கள் போட்டி போட்டு வாங்குகிறார்கள் என்றான் அப்பாவு. மாமியார் செல்லியம்மா ஒரு ஜோடி கன்றுக்குட்டியை விற்று இரண்டு மூட்டை எடுத்து, ஆளுக்கொன்றாகக் கொடுத்தாள்.

கொடுக்கும்போது ஒன்று சொன்னாள். "ஒவ்வொரு விளக்கையும் நான் சொல்ற நேரத்துலதான் ஏலத்துக்கு உடணும். ராவுகாலத்துல ஒண்ணு உட்டீங்கன்னு தெரிஞ்சுது, அப்புறம் இந்த வாசல்ல கால வெக்காதீங்க."

அவள் சொல்லுக்குக் காரணம் உண்டு. அவள் புருஷன் கிருஷ்ணப்பா ஒரு திங்கட்கிழமை காலை எட்டு மணிக்கு, ராகுகாலத்தில், ரேணிகுண்டாவுக்கு லாரி ஏறிப் போனவர். பிணமாகத்தான் வந்தார். அதற்குப் பிறகு அந்த வீட்டில் ராகுகாலத்தில் புது சோப்புக்கூடப் பிரிப்பதில்லை. காலண்டரைப் பார்த்து மருமகன்கள் இருவருக்கும் அவள் குறித்த நேரம் புதன்கிழமை காலை ஒன்பதே கால்.

கோவர்த்தனன் அப்படியே செய்தான். பாகாலா ஸ்டேஷன் ரோட்டில் சந்தியா என்கிற பெண் நடத்திய நெட் சென்டரில் உட்கார்ந்து, புதன் ஒன்பதே காலுக்கு விளக்கின் படத்தைச் சைட்டில் ஏற்றுவான். ஏழு நாள் ஏலம். அடுத்த புதன் அதே ஒன்பதே காலுக்கு முடியும். அறுநூறு, மிஞ்சினால் எழுநூறு. தபால் செலவும் நெட் செலவும் போனால் கையில் நிற்பது கொஞ்சம்.

மாதத்தின் முதல் ஞாயிற்றுக்கிழமை அப்பாவு குடும்பத்தோடு பாகாலாவுக்குச் சாப்பிட வருவான். கறிக்குழம்பு கொதிக்கும் நேரத்தில் சகலைகள் இருவரும் அச்செடுத்த ஏலக் காகிதங்களைப் பாயில் பரப்பி, உன் விளக்கு எவ்வளவு, என் விளக்கு எவ்வளவு என்று ஒப்பிடுவார்கள். முதல் மாதமே கோவர்த்தனனுக்கு வயிறு எரிந்தது. அப்பாவுவின் விளக்கு ஒவ்வொன்றும் ஆயிரத்து எண்ணூறு, ரெண்டாயிரம்.

"ஒரே கடை, ஒரே சரக்கு. உனக்கு மட்டும் எப்படி சகல?"

"கருப்புத் துணிமேல வெச்சு போட்டோ எடு" என்றான் அப்பாவு.

எடுத்தான். விலை ஏறவில்லை. அடுத்த மாதம், "பளபளன்னு தேய்க்காத, பழசு பழசாத்தான் இருக்கணும்" என்றான். தேய்ப்பதை நிறுத்தினான். ஐம்பது ரூபாய் கூடியது. அதற்கடுத்த மாதம், "ஆரம்ப விலைய ஒரு ரூபான்னு போடு, எல்லாரும் உள்ள வருவான்" என்றான். போட்டதில் ஒரு விளக்கு நூற்றுப் பத்துக்குப் போயே போய்விட்டது. அன்றைக்குச் சுலோசனா சோறு போடும்போது கரண்டியைத் தட்டிய சத்தம் தெருவரை கேட்டது.

சந்தேகம் அப்போதுதான் முளைத்தது. அப்பாவு கொண்டுவரும் காகிதங்களின் கீழ்ப்பக்கம் எப்போதும் கிழிக்கப்பட்டிருக்கும். கேட்டால், "குழந்தை கிழிச்சிட்சி" என்பான். மாதத்துக்கு ஒரு காகிதத்தைக் குழந்தை கிழிக்கலாம், எல்லாவற்றையும் ஒரே அளவாகவா கிழிக்கும்? இன்னொன்று, சாப்பிட்டு எழுந்ததும் ரெண்டு மணி பஸ்ஸுக்கு ஓடுவான். மாமியார் வெற்றிலை மடித்துக் கொடுப்பதைக்கூட வழியில் போட்டுக்கொள்வான். ஞாயிற்றுக்கிழமை லாட்ஜில் வேலை இல்லாதவனுக்கு என்ன அவசரம்?

பெங்களூரில் அப்பாவுவின் சித்தப்பா மகன் ஒருவன் கம்ப்யூட்டர் கம்பெனியில் இருந்தான். அவனை விட்டு, வேறு வேறு பேரில் ஏலம் கேட்கவைத்து விலையை ஏற்றுகிறான் என்று கோவர்த்தனன் முடிவு கட்டினான். கீழே கிழித்த இடத்தில் அந்தப் பேர்கள்தான் இருக்க வேண்டும். சைட்டுக்காரனுக்கு எழுதிப் போட்டால் அப்பாவுவின் கணக்கையே மூடிவிடுவார்கள் என்று சந்தியா வேறு சொல்லியிருந்தாள்.

ஐந்தாம் மாதம் ஞாயிற்றுக்கிழமை, எலும்பைக் கடித்துக்கொண்டிருந்தவன் சட்டென்று கேட்டான். "பெங்களூர்ல உன் தம்பி நல்லாக்கீறானா சகல?"

"கீறான். ஏன்?"

"ஒரு விளக்குக்கு எத்தினி பேர்ல ஏலம் கேக்கறான்? அவனுக்கு நீ இன்னா குடுக்கற?"

அப்பாவு கையைச் சோற்றிலேயே வைத்திருந்தான். சிவசங்கரிதான் பேசினாள். "இன்னா பேச்சு பேசற நீ? மாமியார் ஊட்ல உக்காந்து துன்னுகினு, எங்கள திருடன்றியா?"

"காகிதத்த ஏன் கிழிக்கறாருன்னு உன் ஊட்டுக்காரர சொல்லச் சொல்லு."

"சொல்லேன்யா!" என்றாள் அவள்.

அப்பாவு மாமியாரை ஒருமுறை பார்த்தான். பிறகு இலையை மடித்துவிட்டு எழுந்தான். பாதிச் சாப்பாட்டில் எழுந்தவன் குற்றவாளி என்றுதான் அங்கே இருந்த எல்லாரும் நினைத்தார்கள். செல்லியம்மாவும் அப்படித்தான் நினைத்தாள். "பெரிய மாப்ளே, உள்ளத உள்ளபடி சொல்லிட்டுப் போங்க" என்று வாசல்வரை வந்தாள். அவன் திரும்பிப் பார்க்கவில்லை.

அடுத்த ஞாயிற்றுக்கிழமை, கையும் களவுமாகப் பிடித்துவிட்டுச் சைட்டுக்காரனுக்கு எழுதுவது என்று, கோவர்த்தனன் திருப்பதிக்குப் பஸ் ஏறினான். சுலோசனாவிடம் டிக்கெட் ஏஜெண்டைப் பார்க்கப் போகிறேன் என்று பொய் சொன்னான். அக்காமா முடியப் பதினேழு நாள்தான் மிச்சம் இருந்ததால் அவள் நம்பினாள்.

அப்பாவு வேலை செய்த லாட்ஜுக்கு எதிர்ச் சந்தில் நெட் சென்டர். பலகை அடித்துத் தடுத்த அறைகளில் கடைசி அறையில் அப்பாவு இருந்தான். கோவர்த்தனன் செருப்பைக் கழற்றிக் கையில் எடுத்துக்கொண்டு போய் அவன் முதுகுக்குப் பின்னால் நின்றான்.

பக்கத்தில் யாரும் இல்லை. காதில் போன் இல்லை. அப்பாவு இரண்டு கையையும் மடியில் கட்டிக்கொண்டு திரையைப் பார்த்துக்கொண்டிருந்தான். விளக்கின் விலை எண்ணூற்று ஐம்பது. பக்கத்தைப் புதுப்பிக்கிற பட்டனை அமுக்கினான், ஆயிரத்து நூறு. மறுபடி அமுக்கினான், ஆயிரத்து நானூறு. நாலு பேர் மோதிக்கொண்டிருந்தார்கள். ஒருவன் ஹைதராபாத், ஒருத்தி புனே, இரண்டு பேர் பெங்களூர். ஒவ்வொரு பேருக்குப் பக்கத்திலும் அவர்கள் அதுவரை வாங்கிய நூற்றுக்கணக்கான பொருள்களின் எண்ணிக்கை. ஒரே ஆள் போட்ட வேஷம் இல்லை என்று கோவர்த்தனனுக்கே தெரிந்தது. ஐந்து மணி பத்து நிமிஷத்துக்கு, ஆயிரத்துத் தொள்ளாயிரத்தில் ஏலம் நின்றது.

அப்பாவு உடனே அடுத்த விளக்கை ஏற்றத் தொடங்கினான். அப்போதுதான் கோவர்த்தனன் சுவர்க் கடிகாரத்தைப் பார்த்தான். ஞாயிறு. நாலரையிலிருந்து ஆறு.

"அடப்பாவி! ராவுகாலமா?"

அப்பாவு நாற்காலியோடு திரும்பினான். "சகல... அத்தைகிட்ட சொல்லிடாத. உன் கால்ல உழறேன்."

"அப்போ கிழிச்சது?"

"முடிஞ்ச நேரம் கீழதான் அச்சாவும். அத்தை எழுத்துக்கூட்டிப் படிக்கும், தெரியுமில்ல?" அவன் குரலைத் தாழ்த்தினான். "எனக்கு ஞாயித்துக்கிழமைதான் லீவு. புதன்கிழமை ஒம்போதே காலுக்கு மேனேஜர் உடுவானா? ஒருதபா மனசக் கல்லாக்கிக்கினு இந்த நேரத்துல போட்டேன். விலை பிச்சிக்கினு போச்சு. ஏன்னு எனக்கே ரெண்டு மாசம் பிடிபடல. விளக்கு வாங்கறவன்லாம் ஆபீஸ்காரன். புதன்கிழமை காலைல பஸ்ல தொங்கிக்கினு இருப்பான். ஞாயித்துக்கிழமை சாயந்திரம் ஊட்ல காலாட்டிக்கினு கீறான். கடைசிப் பத்து நிமிசம்தான் சண்டையே."

"இத சொல்லாம துணிய மாத்து, தேய்க்காதன்னு அலையவுட்டியே."

"உன்கிட்ட சொன்னா நீ சும்மா இருப்பியா? நெசமான்னு அத்தைகிட்டயே போய்க் கேப்பே!"

கோவர்த்தனன் டீ வாங்கிக் கொடுத்து, தப்பா பேசிட்டேன் என்று சொன்னான். அப்பாவு டீயைக் குடித்தான், ஆனால் சொல்லமாட்டேன் என்று பெண்டாட்டி பேரில் சத்தியம் வாங்கிக்கொண்டுதான் பஸ் ஏற்றினான்.

பஸ் முழுக்க இவனுக்கு ஒரே கணக்கு. ஞாயிறு ஐந்து மணிக்குப் போட்டால் பிழைப்பு உண்டு. ஆனால் விளக்கு மாமியாருடையது, வாக்கு இவனுடையது. அதோடு, அவனே பிறகு என்னிடம் சொன்னான், அவனுக்கும் பயம்தான். குவைத்தில் வண்டி எடுக்கும்போதுகூட இந்திய நேரம் பார்த்து எடுத்தவன் அவன். ராகுகாலத்தில் தொடங்கி, நாளைக்குக் குழந்தைக்கு ஒரு காய்ச்சல் வந்தாலும் அதனால்தான் என்று சுலோசனா சொல்வாள். அவனும் நம்புவான்.

திங்கட்கிழமை, முறத்தில் அரிசி புடைத்துக்கொண்டிருந்த மாமியார் எதிரே போய் உட்கார்ந்தான்.

"அத்தே, நல்ல நேரத்துல கிளம்புன பஸ்ஸு ராவுகாலத்துல ஊரு போய்ச் சேந்தா தோஷமா?"

செல்லியம்மா முறத்தை நிறுத்தினாள். "எந்த பஸ்ஸு?"

"சும்மா, ஒரு பஸ்ஸு."

"நீங்க சும்மா கேக்கற ஆளு இல்லியே. டிக்கெட் போட்டுட்டீங்களா மாப்ளே?"

"இல்ல அத்தே. சொல்லு."

அவள் அவனை ஏற இறங்கப் பார்த்தாள். "கிளம்பறதுக்குத்தான் நேரம். சேர்றதுக்கு யாரு பாத்தா? கல்யாணத்துக்கு முகூர்த்தம் பாக்கறோம், பந்தி முடியறதுக்கா பாக்கறோம்? எத்தினி நாளு ராவுகாலத்துல சோறு துன்னு முடிச்சிருப்பீங்க. எதுக்கு இந்தக் கேள்வி?"

"எதுக்கும் இல்ல."

"எதுக்கோ கீது" என்று மறுபடி புடைக்கத் தொடங்கினாள். ஆனால் அன்று முழுக்க அவன் போகும் பக்கமெல்லாம் அவள் கண்ணும் போனது.

அவன் சந்தியாவிடம் போனான். "ஏலம் ஏழு நாள்தான் இருக்கணுமா மேடம்?"

"மூணு, அஞ்சு, ஏழு, பத்து. பத்துன்னா ஃபீஸ் கொஞ்சம் எக்ஸ்ட்ரா. எந்துக்கு?"

காலண்டரில் விரலை வைத்து எண்ணினான். வியாழக்கிழமை சாயந்திரம் ஐந்து பத்துக்குத் தொடங்கினால், பத்தாம் நாள் ஞாயிற்றுக்கிழமை ஐந்து பத்துக்கு முடியும். வியாழக்கிழமை ராகுகாலம் ஒன்றரையிலிருந்து மூன்று, அது தாண்டியிருக்கும். தொடக்கம் சுத்தம். முடிவைப் பற்றி மாமியாரே தீர்ப்புச் சொல்லியாயிற்று. வியாழனுக்கு மூன்று நாள், ஏலத்துக்குப் பத்து நாள். அக்காமா முடிய அதற்குப் பிறகும் மூன்று நாள் இருக்கும்.

செல்லியம்மா காலண்டரைப் பார்த்து, "வியாழக்கிழமை அஞ்சு மணியா? நல்ல நேரம்தான். புதன்கிழமைய ஏன் உட்டீங்க?" என்று கேட்டாள். "புதன்கிழமை ஒத்துவரல அத்தே" என்றான். மூட்டையில் மீதியிருந்த எட்டு விளக்கையும் ஒரே மூச்சில் ஏற்றினான்.

பத்தாம் நாள் ஞாயிறு ஐந்து மணிக்குச் சந்தியாவின் கடையில் சுலோசனாவும் பக்கத்தில் உட்கார்ந்தாள். விலை ஏறுவதைப் பார்த்ததும் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது. "யோவ், அப்பாவு மாமா பண்ணாருன்னு சொன்னியே, அத நீ பண்றியா?" என்று காதில் கேட்டாள். எட்டில் ஏழு விளக்குகள் ஆயிரத்து ஐந்நூறைத் தாண்டின. கண்ணாடி விரிசல் விட்டிருந்த ஒன்று மட்டும் எண்ணூறு.

அந்த வாரமே அவன் திருப்பதிக்குப் போய்ப் பத்து நாள் கணக்கைச் சகலைக்குச் சொல்லிக்கொடுத்தான். வியாழக்கிழமை சாயந்திரம் லாட்ஜில் ஒரு மணி நேரம் பர்மிஷன் கேட்டுக்கொள் என்றும் சொன்னான். அப்பாவு முதலில் நம்பவில்லை. "அத்தை அனுப்பிச்சிதா?" என்று வாசலை எட்டிப் பார்த்தான்.

அங்கிருந்து டிராவல் ஏஜெண்டிடம் போய், டிக்கெட் வேண்டாம், முன்பே கொடுத்துவைத்த பாஸ்போர்ட்டைத் திருப்பிக் கொடுங்கள் என்றான் கோவர்த்தனன். ஏஜெண்ட் நிமிர்ந்து பார்த்தார்.

"போலீஸ் கேஸ் ஏதாச்சும் கீதா?"

"இல்ல சார்."

"மெடிக்கல்ல ஃபெயிலா?"

"இல்ல சார். இங்கயே வேல கீது."

"பாகாலால? இன்னா வேல?"

"ரயில் விளக்கு விக்கறேன்."

ஏஜெண்ட் பாஸ்போர்ட்டை எடுத்தவர் அதைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டு, அவனை மேலும் கீழும் பார்த்தார். "ரயிலு கவர்மெண்டுது. விளக்கு உனக்கு எங்கேர்ந்துப்பா வந்துச்சு?"

கோவர்த்தனன் நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து, துலுக்காணத்தின் கடையிலிருந்து சொல்லத் தொடங்கினான். அன்றைக்கு அவனுக்கு எந்த வண்டியையும் பிடிக்கிற அவசரம் இல்லை.