மினா வாங்கிய மழைத்தண்ணீர்

உச்சிவெயிலில் மினா யோசோப் வலது காலின் செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொள்வாள். வெறுங்காலை வலைப்பந்து ஆடுகளத்தின் வெள்ளைக் கோட்டின் மேல் வைப்பாள். சற்றுப் பொறுத்து அதே காலைப் பக்கத்திலிருக்கும் பச்சைப் பரப்புக்கு நகர்த்துவாள். அடுப்பில் விரல் பட்டவள் போல் உடனே இழுத்துக்கொள்வாள். பச்சை சுடுவது எல்லா நாளும் நடப்பதுதான். வெள்ளையும் சுட்டால் வெறுங்காலோடு ஆட வரும் பெண்பிள்ளைகளை அன்று பொழுது சாயும்வரை உள்ளே விடமாட்டாள்.

களத்துக்கு எதிர்வீட்டு ஓட்டிலி இதைச் சமையலறை ஜன்னல் வழியாக வருஷக்கணக்காகப் பார்த்து வந்தாள். தீக்கோழிக்குப் பிறந்தவள் என்று முதலில் சிரித்தாள். பிறகு சிரிப்பு விட்டுப்போய்ப் பார்ப்பது மட்டும் பழக்கமாகிவிட்டது. நாள் முழுவதிலும் மினா ஓரிடத்தில் நிற்பது அந்த ஒரு வேளைதான்.

மற்ற நேரமெல்லாம் அவளுக்குக் கால் தரையில் பாவாது. வயசுக் காலத்தில் இரண்டு பேரும் பாலைவனத்து நோவாப் ஊர் வலைப்பந்து அணியில் ஒன்றாக ஆடியவர்கள். ஓட்டிலி வளையத்துக்கடியில் மரம்போல் நின்று காப்பவள். மினா நடுவில் ஓடுகிறவள். ஆட்டம் நின்ற பிறகும் அவள் ஓட்டம் நிற்கவில்லை. கடலோர லூடெரிட்ஸ் மீன் ஆலைக்குப் போனாள், வெள்ளைக்காரர் பண்ணை அடுப்படிக்குப் போனாள், ஒரு லாரிக்காரனைக் கட்டிக்கொண்டு எல்லை தாண்டிக்கூடப் போனாள். ஒவ்வோர் இடத்திலிருந்தும் ஏதோ ஒன்று அவளைக் கிளப்பிவிட்டது. கடைசியில் தனியாக நோவாபுக்கே திரும்பி வந்து, பள்ளிக்கூடத்துக்குப் பின்னால் இருந்த சிமெண்டுக் களத்தைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் சேர்ந்தாள். இங்கே மட்டும் எப்படித் தங்கினாள் என்று ஊரில் பலவிதமாகப் பேசிக்கொண்டார்கள். அந்தக் களம் அவளை உட்காரவே விடவில்லை, அதனால்தான் தங்கினாள் என்பது ஓட்டிலியின் கணக்கு.

காலையில் கூட்டித் தள்ளிய மணல் மத்தியானத்துக்குள் திரும்பி வந்திருக்கும். நெருஞ்சி முள் காற்றில் உருண்டு வந்து கோட்டோரம் சேரும். ஆடுகள் நிழலென்று நம்பிக் கம்பத்தடியில் படுத்துப் புழுக்கை போட்டுவிட்டுப் போகும். பகல் கொதிப்பும் இரவுக் குளிரும் மாறிமாறி இழுத்ததில் சிமெண்டு வெடித்துக்கொண்டே இருக்கும். ஞாயிற்றுக்கிழமை கோயிலில்கூட மினா பெஞ்சின் நுனியில்தான் உட்காருவாள். கூரைத் தகரம் கிழக்குக் காற்றில் முனக ஆரம்பித்தால், போதகர் பேசிக்கொண்டிருக்கும்போதே எழுந்து துடைப்பத்துக்குப் போய்விடுவாள். போதகரும் அவளுக்காகப் பேச்சை நிறுத்துவதை விட்டுவிட்டார்.

ஒரு வருஷம் வட்டாரப் போட்டி முதல்முறையாக நோவாபுக்கு வந்தது. நோவாபில் எதற்கு மரியாதை செய்வதென்றாலும் முதலில் தண்ணீர் தெளிப்பார்கள். கல்யாண வாசலுக்குத் தெளிப்பார்கள், கோயிலில் திடப்படுத்தல் எடுக்கும் பிள்ளை நடந்து வரும் பாதைக்குத் தெளிப்பார்கள். அந்தப் புத்தியில் மினா ஆழ்துளைக் கிணற்றுத் தண்ணீரைக் களத்தில் விட்டு விட்டுத் தேய்த்தாள். காய்ந்ததும் மறுபடி விட்டாள். ஊரே வந்து வாளி கொடுத்தது. அதன்மேல் பச்சையடித்தாள். அந்தக் கிணற்றுத் தண்ணீர் வாயில் வைத்தால் கரிக்கும், துணியில் பட்டால் வெள்ளையாகக் காயும். இது எல்லோருக்கும் தெரிந்ததுதான். ஆனால் சிமெண்டு குடித்த உப்பு மேலே பூத்து வரும் என்று அன்று ஒருத்தருக்கும் தோன்றவில்லை. இரண்டாவது ஆட்டத்தின் நடுவில் பெயிண்டு, வெயிலில் வெந்த தோல் உரிகிறமாதிரி, தகடு தகடாகக் கிளம்பியது. ஓட்டிலியின் மகள் யோலாண்டா அதில் வழுக்கி விழுந்து மணிக்கட்டு முறிந்தது. மிச்ச ஆட்டங்களை வேறு ஊருக்குக் கொண்டுபோனார்கள். அன்றிலிருந்து ஓட்டிலி மினாவோடு பேசுவதை நிறுத்தினாள். ஜன்னலை மட்டும் சாத்தவில்லை.

அடுத்த வருஷம் போட்டி நடத்துகிறவர்கள் இன்னொரு வாய்ப்புத் தந்தார்கள். களம் இந்தத் தடவையும் உரிந்தால் நோவாபுக்கு இனி ஆட்டமே கிடையாது, வளையக் கம்பங்களையும் பிடுங்கி வேறு ஊருக்குக் கொடுத்துவிடுவோம் என்று சொல்லியனுப்பினார்கள். அந்த வருஷம் பார்த்து மழையும் பொய்த்தது. ஊரில் நல்ல தண்ணீர் மிச்சமிருந்தது ஓட்டிலி வீட்டுத் தொட்டியில் மட்டும்தான். அவள் தன் தகரக் கூரையில் விழுவதைக் குழாய் வைத்துப் பிடித்துப் பூட்டி வைப்பவள். பெருமூச்சு விட்டால்கூட அந்தத் தொட்டிக்கு மூடி போட்டுவிட்டுத்தான் விடுவாள் என்று ஊரில் சொல்வார்கள்.

ஒரு சாயங்காலம் மினா அவள் வாசலில் வந்து நின்றாள். உள்ளே வரவுமில்லை, போகவுமில்லை. கால் மாற்றிக் கால் மாற்றி நின்றாள்.

ஓட்டிலியால் தாங்க முடியவில்லை. "என்னடி, வாசல்ல நின்னு பரதேசி மாதிரி ஆடிக்கிட்டிருக்கே?"

"தண்ணி வேணும், ஓட்டி."

"குழாய் தெருவுல இருக்கு."

"அது வேண்டாம். உன் தொட்டித் தண்ணி. உப்பை முழுசாக் கழுவி எடுக்கணும்."

"எவ்வளவு?"

மினா தொட்டியைப் பார்த்தாள். பிறகு தரையைப் பார்த்தாள். "எல்லாம்."

ஓட்டிலிக்குச் சிரிப்பும் கோபமும் ஒன்றாக வந்தன. "போன தடவை என் மக கைய ஒடிச்சே. இப்ப என் டீயையும் புடுங்க வந்துட்டியா?"

"மழை வந்ததும் முதல் தண்ணி உனக்குத்தான். களத்தோரம் உடை மாத்துற அறைக்குப் பெரிய கூரை. அதுல விழுறது மொத்தமும் உன் தொட்டிக்கு. நானே உருட்டிக்கிட்டு வந்து ஊத்துறேன்."

"மழைய உங்கப்பன் கொட்டில்ல கட்டி வெச்சிருக்கானா, அவுத்து விடுறதுக்கு? அது வெறும் டீத் தண்ணி இல்லடி. நாளைக்கு நான் செத்தா என்னைக் கழுவுற தண்ணி."

நோவாபில் செத்தவர்களை மழைத்தண்ணீரால்தான் கழுவுவார்கள். உப்போடு மண்ணுக்குள் போனால் தாகம் தீராது என்பார்கள்.

"நீ இப்போதைக்குச் சாக மாட்டே. எனக்குத் தெரியும்," என்றாள் மினா.

உள்ளே மாவு பிசைந்துகொண்டிருந்த யோலாண்டா எட்டிப் பார்த்தாள். அவள் மணிக்கட்டு இன்னும் சற்றுக் கோணலாகத்தான் இருந்தது. "குடும்மா," என்றாள். "பாதியில விட்ட ஆட்டம்மா அது."

ஓட்டிலி தொட்டிச் சாவியை எடுத்து மினாவின் காலடியில் எறிந்தாள். மினா குனிந்து அதை எடுத்துக்கொண்டு திரும்பிப் பார்க்காமல் களத்துக்கு ஓடினாள். அந்த ஓட்டம் நன்றியா பயமா என்று ஓட்டிலியால் பிரித்துச் சொல்ல முடியவில்லை.

அடுத்து வந்த நாட்கள் இரண்டு பேருக்கும் நல்லதாக இல்லை. மினா உரிந்ததைச் சுரண்டி எடுத்து, துளித்துளியாக மழைத்தண்ணீர் விட்டுத் தேய்த்து, அழுக்கைத் துணியில் ஒற்றிப் பிழிந்தாள். காய்ந்த இடத்தை நாக்கில் தொட்டுப் பார்த்தாள். கரித்தால் மறுபடி தேய்த்தாள். தொட்டியைத் தட்டினால் வரும் ஓசை நாளுக்கு நாள் மாறுவதை ஓட்டிலி படுக்கையிலிருந்தே கேட்டாள். விடியும் முன், தரை ஆறியிருக்கும் வேளையில் மட்டும் மினா பெயிண்டடித்தாள். வெயில் ஏறினால் மேல்தோல் மட்டும் காய்ந்து கொப்புளம் கட்டும் என்று உருளையைப் போட்டுவிட்டு எழுந்துவிடுவாள். பிறகு காற்று எந்தப் பக்கம் திரும்புகிறதென்று பார்த்துக்கொண்டே களத்தைச் சுற்றிச் சுற்றி நடப்பாள். அவள் தூங்கினாளா என்று யாருக்கும் தெரியாது. ஓட்டிலி தூங்கவில்லை.

போட்டி நாளில் பெயிண்டு உரியாமல் நின்றது. ஊர் முழுக்க வளையத்தைப் பார்த்துக் கத்திக்கொண்டிருந்தபோது மினா பெண்பிள்ளைகளின் பாதங்களையே பார்த்தபடி கோட்டோரமாக நடந்துகொண்டிருந்தாள். யோலாண்டா எகிறிப் பந்தைப் பிடித்துக் கீழே இறங்கியபோது மினா கண்ணை மூடிக்கொண்டாள். போட்டிக்கென்று போட்டிருந்த காலணி கிறீச்சிட்டது, வழுக்கவில்லை. நோவாப் தோற்றது. ஆனால் சொந்தக் களத்தில் கடைசி விசில்வரை ஆடித் தோற்றது. கம்பங்களை யாரும் பிடுங்கவில்லை. அன்று மாலை ஓட்டிலி அடுப்படியில் பொரித்த மாவுருண்டைகளை ஒரு தட்டில் வைத்து மகளிடம் கொடுத்தனுப்பினாள். தட்டு கழுவித் திரும்பி வந்தது. மினா வரவில்லை.

அதன் பிறகு மினாவைப் பிடித்து ஆட்டியது கடன். உடை மாற்றும் அறையின் கூரையோரம் பழைய தகரத்தை வளைத்துக் குழாய் கட்டினாள். அடியில் ஒரு பீப்பாய் வைத்தாள். குழாய் சரிந்திருக்கிறதென்று அவிழ்த்து மறுபடி கட்டினாள். வானத்தில் ஒரு துணுக்கு மேகம் தெரிந்தால் பீப்பாயைக் கழுவினாள். ஓட்டிலி வீட்டைக் கடக்காமல் பள்ளிக்கூடத்தைச் சுற்றிக்கொண்டு போனாள். ஓட்டிலியும் விடவில்லை. ஜன்னலில் நின்று கோப்பையை உயர்த்திக் காட்டுவாள்.

"உப்பு டீ, மினா! வந்து ஒரு வாய் குடிச்சுப் பாரு!"

"வரும், வரும்," என்று மினா தூரத்திலிருந்தே கையை ஆட்டுவாள். மழையையா தன்னையா, எதைச் சொன்னாளோ.

அந்தப் பக்கத்தில் கிறிஸ்துமஸ் நடுக்கோடையில்தான் வரும். அது நெருங்கிய வெயிலில் ஒருநாள் மதியம் வெள்ளைக் கோட்டில் கால் வைக்க மினா வரவில்லை. ஓட்டிலி சற்று நேரம் ஜன்னலில் நின்றாள். அடுப்பை அணைத்துவிட்டுத் தெருவைக் கடந்து மினாவைத் தேடிப் போனாள். மினா தன் வீட்டு முக்காலியில், சுவரில் சாய்ந்து, மடியில் துடைப்பத்தோடு இருந்தாள். வாழ்நாளில் உட்காராதவள் உட்கார்ந்தபடியே போயிருந்தாள்.

கழுவ வந்த பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். நல்ல தண்ணீர் யார் வீட்டிலும் இல்லை. கிணற்றுத் தண்ணீர்தான் என்று ஒருத்தி மெதுவாகச் சொன்னாள். ஓட்டிலி எழுந்து வீட்டுக்குப் போய் ஒரு கெண்டியோடு திரும்பினாள். தொட்டி அடியில் தேங்கிய கடைசித் தண்ணீரை அவள் வழித்தெடுத்து ஒளித்து வைத்திருந்தது அப்போதுதான் ஊருக்குத் தெரிந்தது. உடம்பைக் கிணற்றுத் தண்ணீரால் கழுவினார்கள். முகத்தை ஓட்டிலி கெண்டித் தண்ணீரால் துடைத்தாள். மிச்சத்தை வலது பாதத்தில் ஊற்றினாள். உள்ளங்கால் கருகிக் கருகிச் செருப்புத் தோல்போல் இறுகியிருந்தது.

"கடன்ல இதையும் சேத்துக்கோ," என்றாள் அவளிடம்.

மழை பிப்ரவரியில் வந்தது. மினா கட்டிய குழாய் ஒழுகவில்லை. பீப்பாய் நிரம்பி வழிந்தது. அணிப் பெண்பிள்ளைகள் மூடியை இறுக்கி அதைச் சேற்றில் உருட்டிக்கொண்டு ஓட்டிலி வாசலுக்கு வந்தார்கள். ஓட்டிலி கதவை மறித்து நின்றாள்.

"அவங்க கட்டின குழாய்ல வந்ததும்மா," என்றாள் யோலாண்டா. "மினா அத்தை தர்றேன்னு சொன்ன தண்ணிதான்."

"வாங்கினவ வந்து குடுக்கட்டும். நானே உருட்டிக்கிட்டு வர்றேன்னு அவ சொன்னா. நீங்க யாரு நடுவுல?"

எவ்வளவு சொல்லியும் அவள் நகரவில்லை. பெண்பிள்ளைகள் பீப்பாயைத் திரும்ப உருட்டிக் களத்தின் ஓரத்தில் நிறுத்தினார்கள். அது இன்றும் அங்கேதான் இருக்கிறது. காற்று எழும்பினால் ஓட்டிலி முதலில் அதன் மூடியைத்தான் பார்க்கிறாள். விவரம் தெரியாத யாராவது வாளியோடு பக்கத்தில் போனால் ஜன்னலிலிருந்து சத்தம் கேட்கும்: "தொடாதே, அது மினா எனக்குத் தரவேண்டியது. அவ இன்னும் தரல."