கடைசிப் பதினாறு பக்கம்

ஐந்தாம் வகுப்போடு தறிக்குப் போனவன் நான். அந்தக் கையால்தான் சங்கரன்கோவில் பஸ் ஸ்டாண்டுக்குப் பின்னால் துப்பறியும் நாவல்களுக்கென்றே ஒரு வாடகை நூலகத்தை உண்டாக்கினேன். அலமாரிகள் நானே அடித்தவை. பழைய பேப்பர் கடையில் கிழிந்து கிடந்த மாத நாவல்களுக்கெல்லாம் அட்டை போட்டவன் நான். பூட்டிய அறைக்குள் கொலை ஒரு தட்டு, போலீஸ் கதை ஒரு தட்டு, வக்கீல் மடக்கிப் பிடிப்பது ஒரு தட்டு, பேயாக வந்து மனிதனாக முடிவது ஒரு தட்டு என்று இனம் பிரித்தவனும் நான்தான். செல்போன் வந்ததும் மூடிவிடுவேன் என்றார்கள். இன்றும் புளியங்குடியிலிருந்து பஸ் ஏறி வருகிறார்கள்.

வருவது என் முறைக்காக. எந்த நாவலானாலும் கடைசிப் பதினாறு பக்கத்தை ஸ்டேப்ளர் பின் அடித்து மூடித்தான் கொடுப்பேன். கொலைகாரன் யார் என்று சீட்டில் எழுதித் தந்த பிறகே பின்னைப் பிரிப்பேன். இத்தனை வருடத்தில் ஒரு தடவைகூடச் சரியாக எழுதாதவர் ஒருவர் உண்டு. ஓய்வுபெற்ற பஸ் கண்டக்டர். போன வருடம் அவரே ஒரு நாவல் எழுதி, கடைசிப் பதினாறு பக்கத்தையும் பின் அடித்து மூடிக் கொண்டுவந்தார்.

"இன்னைக்கு நீங்க சீட்டு எழுதுங்க அண்ணாச்சி."

பின் அடித்த இடம் வரை ஒரே மூச்சில் படித்தேன். நம்ம ஊர்க் கதை. (அதைப் படிக்காதவர்கள் இங்கேயே நிறுத்தி, படித்துவிட்டு வரலாம்.) வீட்டில் ஒற்றை விசைத்தறி வைத்திருப்பவன், தறியை ஓடவிட்டுப் பின்வாசல் வழியாகப் போய்க் கொன்றுவிட்டு வருகிறான் என்று பிடித்துவிட்டேன். இரண்டு மணி நேரம் தறிச் சத்தம் நிற்கவே இல்லை என்று தெருவே அவனுக்குச் சாட்சி. நான் சீட்டில் எழுதினேன்: கொலைகாரன் தறிக்காரன், ஆனால் தறி ஒத்துக்கொள்ளாது.

அவருக்குப் புரியவில்லை. பக்கத்துத் தெருவில் தறி ஓடும் வீட்டுக்கு இழுத்துப் போனேன். ஓட்டுகிறவரை வெளியே வரச் சொல்லிவிட்டு மூவரும் வாசலில் டீ குடித்தோம். டீ பாதி இறங்குமுன், குறுக்கே ஓடும் நாடாவுக்குள் இருந்த தாரில், அதாவது ஊடு நூல் சுற்றிய சிறு குழலில், நூல் தீர்ந்து தறி தானே நின்றுவிட்டது. கண்டக்டர் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

"என் கதை செத்துப்போச்சே அண்ணாச்சி."

"சாகல வே. தாரு மாத்திக்கிட்டே இன்னொரு ஆளு உள்ள இருந்திருக்கு. அது யாருன்னு யோசியும்."

அவர் டீயை மறந்தார். திடீரென்று என் கையைப் பிடித்துக்கொண்டு சிரித்தார். ஆளை என் காதில் சொன்னார். அந்த ஆள் யார் என்பதை இங்கே எழுத மாட்டேன்; கடைக்கு வந்து சீட்டு எழுதுங்கள்.

புத்தகம் வந்தது, ஊரே பேசியது. முதல் பக்கத்தில் மனைவிக்கு நன்றி, டைப் அடித்தவருக்கு நன்றி, தன் பழைய டிரைவருக்குக்கூட நன்றி. நான் இல்லை. போய்க் கேட்டேன்.

"தறி சொல்லித் தந்தவருன்னு மொதப் பக்கத்துலயே போட்டா, வாசிக்கிறவன் தறியத்தான பாப்பான்? முடிச்சு அங்கனயே அவுந்துரும்லா."

நியாயம்தான். துப்பறியும் கதையின் நியாயம் எனக்குத் தெரியாதா? அதனால் அன்று வாயை மூடிக்கொண்டு வந்தேன்.

இப்போது இரண்டாம் பதிப்பு அச்சுக்குப் போகிறதாம். இனி வாயை மூட மாட்டேன். முதல் பக்கம் வேண்டாம், கடைசிப் பதினாறு பக்கம் இருக்கிறதே. கொலைகாரன் கையில் விலங்கு விழுந்ததற்கு அடுத்த வரியில், இந்த முடிச்சைப் போட்டுத் தந்தவர் இன்னார் என்று என் முழுப்பெயர் வர வேண்டும், ஐந்தாம் வகுப்பு என்பதையும் சேர்த்து. பின் அடித்து மூடுவதை நான் பார்த்துக்கொள்கிறேன்.