வாசலில் வைத்த ஆண் செருப்பு

வாசலில் கமெராவை எங்கே பூட்டினால் நல்லது என்று நீங்கள் கேட்டதால்தான் இதைச் சொல்கிறேன், இல்லாவிட்டால் வாயே திறந்திருக்க மாட்டேன். முதலில் ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிடுகிறேன், நான் பேய்க்கதை பேசித் திரிகிற ஆள் இல்லை. ஜின் உண்டு என்பது எங்கள் ஈமானில் இருக்கிறது, அதை நான் மறுக்கவில்லை, ஆனால் அந்த ஜின்னுக்கு வேறு இடமே கிடைக்காமல் குறிஞ்சிப்பிட்டியில் வெங்காயத் தோட்டத்துக்குப் பக்கத்தில் என்ன வேலை என்று சின்ன வயதிலேயே கேட்டு உம்மாவிடம் அடி வாங்கியவள் நான். நம்பினால் நம்புங்கள், நம்பாவிட்டால் உங்கள் கமெராவை உங்கள் இஷ்டப்படி பூட்டிக்கொள்ளுங்கள்.

இவர், என் கணவர், கட்டாருக்கு டிரைவர் வேலைக்குப் போய் அப்போது ஒரு வருடம் ஆகியிருந்தது. வீட்டில் நானும் ஆறு வயது மகளும் மட்டும்தான், உம்மா வீடு இரண்டு வளவு தள்ளி. அதனால் இவருடைய செருப்பு ஒரு சோடியை எப்போதும் வாசல் படியில் வைத்திருப்பேன். இது நான் கண்டுபிடித்த வித்தை இல்லை, புருஷன் வெளிநாட்டில் இருக்கிற பெண்கள் செய்கிறதுதான், வீட்டில் ஆம்பிளை இருக்கிறான் என்று வருகிறவனுக்கு ஒரு நினைப்பு வரட்டும் என்று. புத்தம் புதுச் செருப்பு அது. பெருநாளுக்கு வாங்கி நான்கே நாள் போட்டார், பிறகு சப்பாத்துப் போட்டுக்கொண்டு பிளேன் ஏறிவிட்டார்.

செருப்போடு விட்டேனா, பொய்யும் சொன்னேன். புது மீன்காரர் இவரை அண்ணன் முறையில் "நானா இல்லையா?" என்று கேட்டால் "உள்ள தூங்குறாரு" என்பேன். மீற்றர் பார்க்க வருகிறவருக்கும் அதே பதில். சொல்லிச் சொல்லி, யோசிக்காமலே வாயில் வரும் அளவுக்குப் பழகிவிட்டது. அது யார் காதிலெல்லாம் விழுகிறது என்று அப்போது நான் நினைக்கவில்லை.

பக்கத்துத் தோட்டத்தில் தண்ணி மோட்டர் களவுபோன பிறகுதான் இவர் கமெரா கமெரா என்று தொடங்கினார். மதுரங்குளியிலிருந்து ஒரு கமெராக்காரர் வந்தார். படியில் செருப்பைப் பார்த்துவிட்டு மெதுவாகக் கதைத்தார்.

"நானா தூங்குறாரு போல. டிரில் போட்டா எழும்பிருவாரே?"

"அவரு தூங்கினா இடி விழுந்தாலும் எழும்ப மாட்டாரு, நீங்க போடுங்க," என்றேன். எனக்குள் சிரிப்பு.

முதலில் கதவுக்கு மேலே, ரோட்டைப் பார்க்கிற மாதிரிப் பூட்டினார். ஆள் அசைந்தால் என் போனிலும் இவர் போனிலும் டிங் என்று மணி அடிக்கும், நாய் வந்தால்கூட அடிக்கும் என்று செய்து காட்டினார். அவ்வளவுதான், பக்கத்து வீட்டு ஜெஸீமா ராத்தா வேலியோரம் வந்துவிட்டார்.

"இஞ்ச பாரு புள்ள, அதுல எங்கட கிணத்தடி தெரியுமே. நாங்க குளிக்கிறதில்லையா?"

அவர் சொன்னதிலும் நியாயம் இருந்தது. அப்படித் திருப்பினால் கிணறு, இப்படித் திருப்பினால் அவர்கள் சமைக்கிற குசினி வாசல். கடைசியில் இவரே வீடியோ கோலில் வந்து, கேட் தூணில் வீட்டைப் பார்த்துப் பூட்டச் சொன்னார்.

"கள்ளன் ரோட்டால தானே வருவான்? வீட்டுக்குள்ள இருந்தா வருவான்?" என்றேன்.

"வாசல் தெரியணும் பஸ்லியா. ஆரு வாறாங்க, ஆரு போறாங்கன்னு எனக்குத் தெரியணும்."

"கள்ளனைப் பாக்கவா, என்னையப் பாக்கவா?"

கமெராக்காரர் பாவம், கீழே விழாத ஆணியைத் தேடத் தொடங்கினார். எனக்கு உடம்பெல்லாம் பற்றிக்கொண்டு வந்தது, ஆனாலும் அன்றைக்கு அந்தத் தூணில்தான் பூட்டினார்கள். கதவு, படி, படியில் செருப்பு, அவ்வளவும் நேராகத் தெரியும்.

அதன் பிறகு எனக்கு நிம்மதி இல்லை. பத்து மணிக்கு வந்தது யார், மீன்காரரோடு அவ்வளவு நேரம் என்ன கதை, உம்மா வீட்டுக்குப் போகும்போது ஏன் முந்தானையை மாற்றிப் போட்டாய், இப்படி ஒவ்வொரு நாளும் ஒரு கேள்வி. தூரத்தில் இருக்கிற மனிதர், கையில் போனை வைத்துக்கொண்டு தானாகவே சந்தேகத்தை வளர்க்கிறார் என்று பொறுத்துப்போனேன்.

ஒரு நாள் பின்னேரம் அஸர் தொழுகைக்குப் பாங்கு சொல்லிக் கொஞ்ச நேரத்தில் அழைத்தார். அங்கே அது பகல் சாப்பாட்டு நேரம், தினமும் சாப்பிட்டபடியே கமெராவைப் பார்ப்பார். மகள் மத்ரஸாவுக்குப் போயிருந்தாள்.

"செருப்ப எங்க எடுத்து வச்ச?"

"படியில தான் இருக்குது."

"இல்ல. நான் பாத்துட்டுத்தானே கேக்குறன்."

போய்ப் பார்த்தேன், செருப்பு அதே இடத்தில் இருந்தது. அவரும் பார்த்தார், இப்போது இருக்கிறது என்றார். "மணி அடிக்கல. நாய்க்கு அடிக்கிற மணி இதுக்கு ஏன் அடிக்கல? நீ கமெராவ நிப்பாட்டினியா?" என்று கேட்டார். என்னைச் சோதித்துப் பார்க்கிறார் என்றுதான் நினைத்தேன். அடுத்த நாளும் அதே நேரம் அதே கதை. கிணற்றுக் கோபத்தில் ஜெஸீமா ராத்தா ஏதும் விளையாடுகிறாரோ என்று அவர்மேலும் எனக்குச் சந்தேகம் வந்தது, இரண்டு நாள் அவரோடு முகம் கொடுத்துக் கதைக்கவில்லை.

மூன்றாம் நாள் பாங்குக்கு முன் முற்றத்து மணலை ஒரு தடம் இல்லாமல் கூட்டிவிட்டு, உள்ளே போய்த் தொழுதேன். முடித்துவிட்டு வெளியே வந்து பார்த்தால் மணலில் செருப்புத் தடம். படிக்கும் கேட்டுக்கும் நடுவே, போனதும் வந்ததும். இதைக் கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். வெளியாள் ஒருவன் வந்து போயிருந்தால், வந்த தடத்தின்மேல் போன தடம் மிதித்திருக்கும். இங்கே போன தடம் கீழே, வந்த தடம் மேலே. ஆள் வீட்டிலிருந்து போய், வீட்டுக்குத் திரும்பியிருக்கிறது. கேட்டைத் தாண்டித் தடம் பள்ளிவாசல் பக்கம் திரும்பியிருந்தது. படியில் இருந்த செருப்பைத் தொட்டுப் பார்த்தேன், தொழுகைக்குக் கழுவி வுழுச் செய்துவிட்டு வந்த கால் பட்ட மாதிரி ஈரம்.

வீட்டுக்குள் போய் ஒவ்வொரு அறையாகப் பார்த்தேன். அலுமாரியைத் திறந்தேன், கட்டிலுக்குக் கீழே குனிந்தேன். ஒருவரும் இல்லை. இதை இவரிடம் சொல்லலாமா, சொல்லத்தான் முடியுமா? செருப்பை எடுத்து உள்ளே வைக்கவும் கை வரவில்லை, அது வீட்டுக்குள் வரக்கூடாது என்று பட்டது.

அடுத்த வெள்ளிக்கிழமை இவர் எனக்கு ஒரு வீடியோ அனுப்பினார். கமெராவை நேரலையில் பார்த்துக்கொண்டிருந்தபோது தன் போனில் பதிந்ததாம். வெறும் படி, அதில் செருப்பு இல்லை, காற்றில் கதவுச் சீலை ஆடுகிறது. ஒரு ஆண் குரல், "அஸ்ஸலாமு அலைக்கும்." ஆள் இல்லை. உள்ளே இருந்து என் குரல், "வஅலைக்குமுஸ்ஸலாம்." படம் ஒரு தரம் அசையாமல் நின்று பிறகு அசைந்தது. படியில் செருப்பு இருந்தது.

நான் பதில் சொன்னது எனக்கே ஞாபகம் இல்லை, அல்லாஹ் மேல் ஆணை. அடுப்படியில் நின்றிருப்பேன், சலாம் கேட்டால் வாய் தானாகப் பதில் சொல்லும், உங்களுக்கும் அப்படித்தானே. ஆனால் என்னை நடுங்க வைத்தது அது இல்லை. அந்தக் குரல் இவருடைய குரல். அலைக்கும் என்பதைக் கடைசியில் கொஞ்சம் இழுப்பார், அந்த இழுப்புக்கூட அப்படியே.

"ஆரு இது? பதில் வேற சொல்ற!" என்று கத்தினார்.

"நீங்கதான் இது. உங்கட குரல்தானே!"

"என்ட குரல் எனக்குத் தெரியாதா? இப்படியா நான் கதைப்பன்?"

அவருக்கு உண்மையிலேயே தெரியவில்லை. தன் குரலைப் போனில் கேட்டால் யாருக்குத்தான் அது தன்னுடையது என்று தெரிகிறது? உம்மாவிடம் ஒன்றும் சொல்லாமல் போட்டுக் காட்டினேன். "அல்ஹம்துலில்லாஹ், மருமகன் எப்ப வந்தாரு?" என்றார் உம்மா. ஜெஸீமா ராத்தாவும் கேட்டவுடன் இவர் பெயரைத்தான் சொன்னார். அதை இவரிடம் சொன்னால், "எல்லாரும் ஒண்டாச் சேந்து எனக்குக் கதை கட்டுறீங்க. வந்து பள்ளியில வச்சுப் பேசுவம்," என்று போனை வைத்துவிட்டார்.

பள்ளிவாசலில் வைத்துப் பேசினால் அது தலாக்கில் போய் முடியும் என்று எங்கள் ஊரில் தெரியாதவர் இல்லை. செய்யாத ஒன்றுக்காக என் பெயரும் போகும், என் பிள்ளைக்கு வாப்பாவும் இல்லாமல் போகும். மானம் போகிற பயத்துக்கு முன்னால் மற்றப் பயம் ஒன்றுமே இல்லை, அந்த நாள்களில் நான் அழுததெல்லாம் இதற்குத்தான்.

அதிலிருந்து பன்னிரண்டாம் நாள் அஸர் நேரம் போன் டிங் என்றது. பார்த்தால் கமெராவில் இவர், தோளில் பையோடு, சொல்லாமல் கொள்ளாமல். சலாம் சொல்லவில்லை. குனிந்து அந்தச் செருப்பை எடுத்தார். நான் கதவடிக்கு வந்து நின்றேன்.

செருப்பைத் திருப்பிப் பார்த்தார். நான்கு நாள் போட்ட செருப்பு, வலது குதியில் வெளிப்பக்கம் ஓட்டை விழும் அளவுக்குத் தேய்ந்திருந்தது. இவர் நடை அப்படித்தான், வலது காலை வெளிப்பக்கம் சாய்த்து மிதிப்பார், கல்யாணம் முடித்த நாளிலிருந்து எத்தனை சோடி அப்படித் தேய்ந்ததை நான் பார்த்திருக்கிறேன். குரலை அடையாளம் காணாத மனிதர் அந்தத் தேய்வை அடையாளம் கண்டார். சப்பாத்தைக் கழற்றிக் காலை மெல்ல உள்ளே விட்டார், உடனே வெளியே இழுத்துக்கொண்டார்.

"சூடா இருக்கு," என்றார். "இப்பத்தான் ஒராள் கழட்டி வச்ச மாதிரி."

அப்படியே படியில் உட்கார்ந்து அழுதார். என்னை மன்னித்துக்கொள் என்று எத்தனை தரம் சொன்னார் என்று தெரியாது. அன்றைக்கே செருப்பைக் கொண்டுபோய்க் களப்புக் கரையில் ஆழமாகப் புதைத்தார். பிறகு கட்டாருக்குப் போகவில்லை, இப்போது வெங்காய லொறி ஓடுகிறார். என்மேல் ஒரு சந்தேகச் சொல் கிடையாது, அதற்கு நான் பொறுப்பு.

ஆகவே நீங்கள் ரோட்டைப் பார்த்துப் பூட்டுங்கள், வீட்டைப் பார்த்துப் பூட்டாதீர்கள். எங்கள் கமெரா இன்னும் அதே தூணில்தான் இருக்கிறது, கழற்றுவோம் என்று இவர் சொன்னபோது நான்தான் வேண்டாம் என்றேன். ஏன் என்று அவருக்குத் தெரியாது.

லொறி இல்லாத நாள்களில் இவர் அஸர் தொழப் பள்ளிக்குப் போய் வருவார். வரும்போது போன் டிங் என்னும், சலாம் சொல்வார், குசினியிலிருந்து நான் பதில் சொல்வேன். ஆனால் சில நாள்களில் மணி அடிக்காது, சலாம் மட்டும் வரும், அதே குரல், அதே இழுப்பு. அன்றைக்கு நான் திரும்பிப் பார்க்க மாட்டேன், அடுப்பைப் பார்த்தபடியே பதில் சொல்லிவிடுவேன், சலாமுக்குப் பதில் சொல்லாமல் விட முடியாதே. பத்து நிமிடம் போனதும் மணி அடிக்கும், இவர் வந்து மறுபடியும் சலாம் சொல்வார். என்மேல் சந்தேகப்பட்ட காலத்தில் அவரிடம் மறைக்க என்னிடம் ஒன்றும் இருக்கவில்லை, இப்போது இதை மறைக்கிறேன்.

நேற்று மத்ரஸாவுக்கு லீவு. மகள் முன் அறையில், வாசலுக்கு நேரே கதிரையில் உட்கார்ந்து எழுதிக்கொண்டிருந்தாள். மணி அடிக்கவில்லை, சலாம் வந்தது. நான் வாய் திறக்குமுன் அவள் தலையை நிமிர்த்தி, வாசலைப் பார்த்துச் சிரித்தபடி, "வஅலைக்குமுஸ்ஸலாம் வாப்பா," என்றாள்.