ஜெயமணிக்கு நான் போடாத கையெழுத்து

போன புதன்கிழமை காலையில் தோசைக்கல்லை அடுப்பில் வைத்திருந்தபோது போன் வந்தது. ஜெயமணியின் பேண்டேஜ் யூனிட்டில் வேலை பார்க்கும் வெள்ளத்தாய். தேம்பல் மட்டும்தான் கேட்டது. "ஏட்டி, என்னன்னு சொல்லு" என்று அதட்டினேன். "யக்கா, நம்ம ஜெயமணி அக்கா தவறிட்டாவ. விடியக்காலம் நெஞ்சு வலிக்குன்னு எந்திரிச்சாவளாம். ஆட்டோ வாரதுக்குள்ள முடிஞ்சு போச்சு" என்றாள். அடுப்பை அணைத்துவிட்டு அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டேன். ஐம்பத்தாறு வயதெல்லாம் போகிற வயதா?

நினைவுக் கூட்டத்தில் வாசிக்க நாலு வரி எழுதித் தரச் சொல்லியிருக்கிறார்கள். நாலு வரியில் அடங்குகிற ஆளா அவள்? 'அவர்' என்று மரியாதையாக எழுதத்தான் பார்த்தேன், கை வரவில்லை. அவளோடு பேண்டேஜ் சுருட்டிய நீங்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும். அவளைப் பற்றி நல்லதை மட்டும் எழுதி, என்னைப் பற்றி எழுதாமல் தப்பித்துவிடலாம் என்றும் ஒரு நினைப்பு வந்தது. அது அவளுக்குப் பிடிக்காது.

ராஜபாளையத்தில் பேண்டேஜ் துணி செய்யும் கம்பெனி ஒன்றில் நான் பேக்கிங் சூப்பர்வைசராக இருந்தேன். பன்னிரண்டு வருஷத்துக்கு முன் ஒருநாள் முதலாளி கூப்பிட்டு, "ஜெயில்ல இருந்து வந்த பொம்பள ஒண்ணு வேல கேக்குது. நீங்க சரின்னா உங்க செக்ஷன்ல போட்டுக்கிடலாம்" என்றார். பெரிய மனசுக்காரி போலச் சரி என்றேன். மறுநாள் வந்தாள். கறுப்பாக, ஒல்லியாக, எண்ணெய் வைத்துப் படிய வாரிய தலையோடு. வந்தவள் உட்காரவில்லை. இருபது பெண்களுக்கு முன்னால் நின்று சொன்னாள்: "வெளிய யாரும் சொல்லி நீங்க கேக்கதுக்கு முன்னாடி நானே சொல்லிருதேன். எனக்கு மகாராஜபுரம். வயக்காட்டுல தண்ணி பாய்ச்சுததுல சண்டை. மம்பட்டியால அடிச்சேன். மூணாம் நாளு என் கொழுந்தன் செத்துப் போனாரு. ஏழு வருசம் உள்ள இருந்தேன். செய்யலன்னு சொல்ல மாட்டேன். இப்ப வேல என்னன்னு சொல்லுங்க."

வேலை சொன்னேன். துணியைச் சுருட்ட வேண்டும், ஓரம் மடக்க வேண்டும், நுனியைக் கத்தரித்து உறையில் போட வேண்டும். இதில் கத்தரிக்கிற வேலை மட்டும் அவளுக்கு இல்லை என்று நானாக ஒரு சட்டம் போட்டேன். கத்திரிக்கோல் அவள் கைக்குப் போகக் கூடாது. முதலாளிக்குக்கூட இது தெரியாது. ஒவ்வொரு சுருளை முடித்ததும் அவள் கையைத் தூக்குவாள், பக்கத்தில் இருப்பவள் வந்து வெட்டிக் கொடுப்பாள். பள்ளிக்கூடப் பிள்ளை ஒண்ணுக்குப் போகக் கை தூக்குவதுபோல நாளெல்லாம் தூக்குவாள். இப்போது நினைத்தால் எனக்கு நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருக்கிறது. அப்போது அது புத்திசாலித்தனமாகத் தெரிந்தது.

பதினோரு மாதம் இப்படிப் போனது. அவள் முகம் சுளித்து நான் பார்த்ததில்லை. ஒருநாள் மதியம் என் மேஜைக்கு முன்னால் வந்து நின்று, "யக்கா, ஒண்ணு கேக்கட்டா? வீட்ல மீனு நான்தான அறுக்கேன்?" என்றாள். நான் விழித்தேன். அவளுக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. எனக்கும் வந்துவிட்டது. சிரித்துக்கொண்டேதான் மேஜை டிராயரைத் திறந்து கத்திரிக்கோலை எடுத்துக் கொடுத்தேன். அன்று சாயங்காலம் எண்ணிப் பார்த்தால், எங்கள் செக்ஷனிலேயே அதிகமாக உறை போட்டிருந்தவள் அவள்தான்.

எல்லோரும் உடனே தாயும் பிள்ளையுமாகிவிட்டோம் என்று எழுதினால் பொய். மத்தியானச் சோற்றில் அவள் டிபனிலிருந்து யாரும் தொட மாட்டார்கள். அதற்கும் அவள் ஒன்றும் சொல்லவில்லை. கருவாட்டுக் குழம்பு கொண்டுவர ஆரம்பித்தாள். அந்த வாசனைக்கு முன்னால் எவ்வளவு நாள் வைராக்கியமாக இருக்க முடியும்? முதலில் கை நீட்டியவள் யார் என்று இங்கே எழுதப் போவதில்லை, அவளும் கூட்டத்தில் இருந்து கேட்டுக்கொண்டுதான் இருப்பாள்.

நாலு வருஷம் கழித்துச் சொந்தமாக யூனிட் போட வேண்டும் என்றாள். ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு ஷெட் பார்த்துவிட்டாள். மருந்துக் கடைகளுக்குச் சின்னச் சின்ன பாக்கெட் போட்டுத் தருவது திட்டம். ஷெட்டுக்காரருக்கு அவள் கதை தெரியும். 'தெரிந்த ஆள் ஒருவர் பொறுப்புக் கையெழுத்துப் போட்டால் தருகிறேன்' என்று சொல்லியிருந்தார். நேராக என்னிடம்தான் வந்தாள். அவளுக்கு வேறு யாரைத் தெரியும்?

"எங்க வீட்டுக்காரர் போலீஸ்ல இருக்காரு, ஜெயமணி. நான் போட்டா அவருக்குச் சிக்கலாயிரும்" என்றேன். "அதுவும் சரிதான் யக்கா" என்று போய்விட்டாள். என் வீட்டுக்காரரிடம் நான் ஒரு வார்த்தை கேட்கவே இல்லை. பிற்பாடு தெரிந்தபோது அவர் ஒரு சத்தம் போட்டார்: "பயந்தது நீ. என் காக்கிச் சட்டைய ஏன் இழுத்த?" உண்மைதான். அவளோடு சேர்ந்து சாப்பிட்டேன், சிரித்தேன், அவள் மகள் நர்சிங் சேர்ந்தபோது சேலை எடுத்துக் கொடுத்தேன். ஒரு தாளில் என் பெயரை எழுத மட்டும் மனசு வரவில்லை. கடைசியில் அவள் போகிற சர்ச்சின் உபதேசியார் போட்டுக் கொடுத்தார். யூனிட் நடந்தது. பதினோரு பெண்கள் அங்கே வேலைக்கு இருக்கிறார்கள். சேருகிற ஒவ்வொருத்தியிடமும் முதல் நாளே தன் கேசைச் சொல்லிவிடுவாள். "இருக்கவிய இருங்க, போறவிய போங்க."

நான் ரிட்டயரான பிறகு ஒருநாள் அவளைப் பார்க்கப் போனேன். முகம் வாடியிருந்தது. முந்தின நாள் செட்டியார்பட்டியிலிருந்து ஒரு பெண் வேலை கேட்டு வந்திருக்கிறாள். வேலை செய்த வீட்டில் சங்கிலியைத் திருடி, எட்டு மாதம் உள்ளே இருந்தவள். அதை அவளே சொல்லியிருக்கிறாள். ஜெயமணி 'ஆள் வேண்டாம்' என்று அனுப்பிவிட்டாள். வாசலில் 'பெண்கள் வேலைக்குத் தேவை' என்று போர்டு தொங்குகிறது. வந்தவள் அதை ஒருமுறை நிமிர்ந்து பார்த்துவிட்டுப் போயிருக்கிறாள்.

"எனக்கே பயமா இருந்துச்சு யக்கா. அடிச்சவதான நானு, களவாங்கலயேன்னு ஒரு கெப்புரு, ஒரு திமிரு. நான் யாரு அதச் சொல்லுததுக்கு? சோறு எறங்கல. காலைல மொத பஸ்ஸுல போயி, அவ வீட்டுக் கதவத் தட்டிக் கூட்டியாந்துட்டேன்."

"இப்பப் பயம் போயிருச்சா?" என்று கேட்டேன்.

"எங்க போச்சு? இருக்கத்தான் செய்யுது. பயம் போகட்டும்னு இருந்தா அவ அதுவரைக்கும் எதத் திம்பா? பயத்தோடயே கூப்பிட்டேன்." பிறகு என் கையைப் பிடித்துக்கொண்டு, "அன்னைக்கு நான் கையெழுத்துக் கேட்டப்ப நீங்க பட்ட பாடு நேத்துத்தான் யக்கா எனக்குத் தெரிஞ்சுது" என்றாள்.

நான் மன்னிப்புக் கேட்டிருக்க வேண்டிய இடம் அது. அவள் முந்திக்கொண்டாள். எனக்கு அழுகை வந்து, காபி சூடாக இருக்கிறது என்று சமாளித்தேன். அன்று அவள் கூட்டி வந்த பெண்தான் வெள்ளத்தாய். இந்த மூன்று வருஷமாகச் சரக்கு அறைச் சாவி அவளிடம்தான் இருக்கிறது. ஒரு பொட்டலம் குறைந்ததில்லை.

அடக்கம் முடிந்து கல்லறைத் தோட்டத்து வாசலில் நின்றோம். யூனிட்டை வெள்ளத்தாயே எடுத்து நடத்தட்டும் என்று ஜெயமணியின் மகள் சொன்னாள். ஷெட்டுக்காரரும் வந்திருந்தார். "ஜெயமணி தங்கமான பொம்பள. அவ வேற, இவ வேற. கோவத்துல அடிக்கிறது யாருக்கும் நடக்கும். திருடுன கைக்கு எப்படிம்மா எடத்த விடுவேன்? பொறுப்பான ஆள் யாராச்சும் கையெழுத்துப் போட்டாப் பாக்கலாம்" என்றார். வெள்ளத்தாய் தலையைக் குனிந்துகொண்டு நின்றாள். உபதேசியாரும் போன வருஷம் காலமாகிவிட்டார். மற்றப் பெண்களும் தரையைப் பார்த்தார்கள். "நான் போடுதேன்" என்று ஒரு குரல் கேட்டது. கேட்ட பிறகுதான் அது என் குரல் என்று எனக்கே தெரிந்தது.

வருகிற திங்கட்கிழமை ஸ்ரீவில்லிபுத்தூரில் பத்திரம். என்னைத் தைரியசாலி என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். வெள்ளத்தாய் என்னை ஏமாற்றிவிட்டால் என்ன செய்வது என்று இதை எழுதும்போதும் பயமாகத்தான் இருக்கிறது. அவளிடமே அதைச் சொல்லிவிட்டேன். "எனக்கும் பயமாத்தான் இருக்கு யக்கா" என்றாள்.

ஜெயமணி, உன்னிடமிருந்து நான் எனக்கென்று எடுத்துக்கொண்டது இந்தப் பயத்தோடு கூப்பிடுகிற புத்தியை. எட்டு வருஷத்துக்கு முன்னால் உனக்குத்தான் நான் போட்டிருக்க வேண்டும். பிந்திவிட்டேன் தாயி.