ஒரே குடி

கனடாவிலிருந்து வந்த தோழி ஊர் பார்க்க வேண்டும் என்றாள். பல்கலைக்கழகத்தில் என்னோடு படித்தவள். பெற்றோர் மட்டக்களப்பார், அவள் வளர்ந்தது கொழும்பில். என் மகளையும் கூட்டிவரச் சொன்னபோதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. அவளுக்குக் கலியாண வயதில் ஒரு மகன் இருக்கிறான்.

என் மூத்தவன் ஏஜென்சிக்காரன் ஒருவனை நம்பி வெளிநாட்டுக்குப் புறப்பட்டு, எங்கே இருக்கிறான் என்றே தெரியாமல் மாதக்கணக்காய்க் கிடந்தவன். இப்போது பத்திரமாய் இருக்கிறான். ஆனாலும் போன் அடித்தால் இன்னும் ஓடிப்போய்த்தான் எடுக்கிறேன். இருக்கிற ஒருத்தியையும் அனுப்ப என்னால் முடியாது.

மட்டக்களப்புக் கோட்டையில் பீரங்கியைவிட மகளைத்தான் அவள் அதிகம் படமெடுத்தாள். பாலமீன்மடுவில் வெளிச்சவீட்டைப் பார்த்துவிட்டுத் தோணியேறினோம். கண்டல் மரங்களுக்குள் தோணி போனபோது மகளின் படிப்பு, சமையல், குளிர் அவளுக்கு ஒத்துவருமா என்பதுவரை விசாரித்தாள். மருமகளைத்தான் அளக்கிறாள் என்று நினைத்தேன்.

பின்னேரம் கண்ணகி அம்மன் கோயிலுக்குப் போனோம். வைகாசிச் சடங்குக்கு மட்டும் கதவு திறக்கிற கோயில்; அப்போது சடங்கு நடந்துகொண்டிருந்தது. ஒவ்வொரு நாள் சடங்கும் ஒரு குடியின், அதாவது ஒரு வம்சத்தின், பொறுப்பு. கோயிலைப் பார்க்கிற வண்ணக்கர், ஆட்கள் எந்தக் குடி என்று கேட்டார். தோழி பெருமையாகத் தகப்பனின் குடியைச் சொன்னாள்.

வண்ணக்கர் சிரித்தார். “அது அப்பாட குடி, புள்ள. நம்மட பக்கம் தாய்வழிதான். அம்மாட குடி என்ன?”

யோசித்துச் சொன்னாள். அது என் குடி. ஒரே குடிப் பெண்கள் எங்களுக்குச் சகோதரிகள். அவர்களின் பிள்ளைகளைத் தங்களுக்குள் கட்டிவைக்க மாட்டோம். கலியாணப் பேச்சு தானாய்க் கழிந்துவிட்டதால், அம்மனைக் கும்பிட்டபோது கேட்பதற்கு எனக்கு ஒன்றும் இருக்கவில்லை.

வெளியே வந்ததும் சொல்லிவிட்டேன். “அப்ப உன்ட மகனுக்கு இவள் தங்கச்சி. வேற இடம் பாரு.”

“அவன் அங்கயே ஒரு வெள்ளைக்காரியப் பார்த்திட்டான்டி,” என்று சிரித்தாள். பிறகு மகளின் தோளில் கைபோட்டாள். “ஒரே குடியெண்டா நான் இவளுக்குப் பெரியம்மா. பெரியம்மா வீட்டில நிண்டு படிக்க வேணாமெண்டு சொல்லுவியா?”

மகளைப் பார்த்தேன். அவள் முகத்தில் ஆச்சரியமே இல்லை. எத்தனை நாளாய் இருவரும் இதைப் பேசுகிறீர்கள் என்று கேட்டேன்.

“அண்ணா மாதிரி இல்லம்மா,” என்றாள் மகள். “விசா எடுத்துத்தான் போறன்.”

ஓம், போ என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. அந்தக் கோயில் வாசலில் நின்றுகொண்டு, பெரியம்மா வீட்டுக்குப் போகாதே என்று பிள்ளைக்கு எப்படிச் சொல்வது என்றும் தெரியவில்லை.