சுலோகம் இல்லாத கல்யாணம்

என் முதல் கணவர் வங்காளி. நான் உசிலம்பட்டிக்குப் பக்கத்துக் கிராமத்தில், பிறர் காட்டில் கூலி வேலை பார்த்த குடும்பத்தில் பிறந்தவள். இருவரும் மதுரையில் ஒரே வங்கிக் கிளையில் வேலை பார்த்தோம். அவர் கல்கத்தாவிலிருந்து மாற்றலாகி வந்த அதிகாரி. நான் காசாளர். வாடிக்கையாளர்களிடம் கேட்டுக் கேட்டே அவர் தமிழ் கற்றுக்கொண்டதால் மேலாளரைக்கூட ‘அண்ணே’ என்றுதான் கூப்பிடுவார். அதைக் கேட்டுத்தான் எனக்கு அவரைப் பிடித்துப்போனது.

பதிவுத் திருமணம் செய்துகொண்டு கல்கத்தா போனோம். மாமியார் என் இரண்டு கைகளிலும் சங்கு வளையும் பவளச் சிவப்பில் ஒரு வளையும் மாட்டிவிட்டார். அங்கே கல்யாணமான பெண்ணுக்கு அதுதான் அடையாளம். சங்கு வளை கையைக் கவ்விக்கொண்டு உட்கார்ந்துவிட்டது. சோப்புப் போட்டாலும் கழன்று வராது. ‘பௌமா’ என்று என்னை அழைத்தார். மருமகளே என்று அர்த்தம். கடைசிவரை என் பெயரைச் சொல்லி அவர் கூப்பிட்டதில்லை.

அவர் ஒரு பெண்கள் கல்லூரியில் சம்ஸ்கிருதப் பேராசிரியராக இருந்தவர். மாமனார் இறந்த மறு வருடம், மதுரை விளாங்குடியில் இருந்த எங்கள் வீட்டுக்கு வந்து சேர்ந்தார். கல்கத்தா வீடு அவர் பெயரில்தான் இருந்தது. ஆனால் அதில் மூத்த மகனும் மருமகளும் குடியிருந்தார்கள். அந்த மருமகளோடு ஒத்துவரவில்லை. அதனால் பிடிக்காத ஊராக இருந்தாலும் பரவாயில்லை என்று வந்துவிட்டார்.

எங்கள் செய்தித்தாளை எழுத்துக்கூட்டிப் படித்தே ஆறு மாதத்தில் தமிழ் பேசத் தொடங்கினார். அதனால் அவர் வாயில் அச்சுத் தமிழ்தான் வரும். பால்காரரிடமும் ‘இன்று தாமதம் ஏன்?’ என்றுதான் கேட்பார். நான் பேசும் தமிழில் எந்தச் சொல் சம்ஸ்கிருதம், அதை எங்கள் ஊர் எப்படிக் கெடுத்து வைத்திருக்கிறது என்று சொல்லிக்கொண்டே இருப்பார்.

விதவை என்பதால் வெள்ளைச் சேலைதான் கட்டுவார். மீன், வெங்காயம், பூண்டு எதுவும் கிடையாது. மைசூர்ப் பருப்பும் கூடாது. பருப்பு என்ன பாவம் செய்தது என்று கேட்டேன். சிவப்பாக இருப்பதால் அதையும் மாமிசக் கணக்கில் வைத்துவிட்டார்கள் என்றார். எந்த நூலில் அப்படி இருக்கிறது என்றதற்கு, எந்த நூலிலும் இல்லை, வழக்கம், அவ்வளவுதான் என்றார். அறுபது வயதுவரை தினமும் மீன் சாப்பிட்டவர். என் கணவர் ‘யார் பார்க்கப்போறாங்க, சாப்பிடுங்க மா’ என்பார். மாமியார் தட்டைத் தள்ளி வைத்துவிட்டு எழுந்து போய்விடுவார்.

சாயங்காலத் தேநீரின்போது மட்டும் கொஞ்சம் இளகிப் பேசுவார். அவர்கள் குடும்பத்தில் ஒரு கொள்ளுத் தாத்தா, விதவைகளுக்கு மறுமணம் வேண்டும் என்று கூட்டம் போட்டுப் பேசியவராம். கல் அடி பட்டவராம். சாஸ்திரத்தில் அனுமதி இருக்கிறது என்று காட்டினால்தான் ஊர் கேட்கும் என்பதால், அந்தக் காலத்துப் பண்டிதர்கள் ஏட்டுக் கட்டுகளுக்குள் தலையை விட்டு ஒரு சுலோகத்தைத் தேடி எடுத்த கதையைச் சொல்வார். சொல்லும்போது முகம் பளிச்சென்று ஆகும். அந்தச் சுலோகத்தைச் சொல்லி, ஒவ்வொரு சொல்லாகப் பிரித்து எனக்கு அர்த்தமும் சொன்னார்.

அப்போது நான் சும்மா தெரிந்துகொள்ளத்தான் கேட்டேன். உங்கள் வீட்டில் எந்த விதவைக்கு அவர் கல்யாணம் செய்து வைத்தார்?

யாருக்கும் இல்லை என்றார். அவருடைய சொந்த மகளே பன்னிரண்டு வயதில் தாலியறுத்து எண்பதுவரை அந்த வீட்டின் பின்கட்டில் இருந்தாளாம். ‘அது சமூகத்துக்கான வாதம், பௌமா. குடும்பம் வேறு.’

இன்னொன்றும் சொன்னார். வங்காளத்தில் பிள்ளை இல்லாத விதவைக்கும் புருஷன் சொத்தில் பங்கு உண்டு என்று பழைய சட்டம். அதனாலேயே அவளைப் பலர் காசிக்கு அனுப்பினார்கள். அங்கே செத்தால் மோட்சம் என்று சொல்லி ரயில் ஏற்றிவிடுவார்கள். பின்னால் பங்கு கேட்க ஆள் இருக்காது. இதைப் பற்றி அவர் வகுப்பே எடுத்திருக்கிறார்.

ஊருக்குள் ஒரு மண்டபத்தில் வாரம் ஒருமுறை உபநிஷத வகுப்பு நடப்பதாகக் கேள்விப்பட்டு ஒரு சனிக்கிழமை அவரை அழைத்துப் போனேன். கைப்பையும் தண்ணீர் பாட்டிலும் என்னிடம் இருந்தன. எல்லா உயிரிலும் இருப்பது ஒன்றுதான் என்பது அன்றைய பாடம். வகுப்பெடுத்தவர் யாராவது அந்தப் பகுதியைச் சொல்கிறீர்களா என்றதும் மாமியார் எழுந்து, புத்தகம் இல்லாமல், கண்ணை மூடிக்கொண்டு சொன்னார். ஆனால் அவருடையது வங்காள உச்சரிப்பு. அகரமெல்லாம் ஒகரமாக உருண்டது. ‘வ’ எல்லாம் ‘ப’ ஆனது. முன்வரிசைப் பெண்கள் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். ஒருவர் முந்தானையால் வாயை மூடிக்கொண்டார்.

“அர்த்தம் உங்களுக்கு நன்னாத் தெரிஞ்சிருக்கு” என்றார் வகுப்பெடுத்தவர். “ஆனா சப்தம் கெட்டுதுன்னா எல்லாம் போச்சு. உங்க பக்கத்துல பிராமணாளே மீன் சாப்பிடுவாளாமே, அப்படியா?”

“இப்போது நான் சாப்பிடுவதில்லை” என்றார் மாமியார்.

அந்த ‘இப்போது’வுக்குத்தான் மண்டபமே சிரித்தது. அவர் நின்றுகொண்டே இருந்தார். கழுத்து சிவந்துபோயிருந்தது. வகுப்பு முடிந்து செருப்புப் போடும் இடத்தில் ஒரு பெண்மணி, ஆறுதலுக்குத்தான் போல, பக்கத்தில் வந்து நின்று இது யார் என்று என்னைக் காட்டிக் கேட்டார்.

“என் வீட்டில் உதவிக்கு இருப்பவள்” என்றார் மாமியார்.

அந்தப் பெண்மணி என் நிறத்தையும் கையில் இருந்த பையையும் பார்த்தார். நம்பிவிட்டார். பிறகு என் பக்கம் திரும்பவேயில்லை. வீட்டுக்கு வந்து கணவரிடம் சொன்னேன். அம்மாவுக்கு மனசு சரியில்லாத நேரத்தில் வந்த வார்த்தை, விடு என்று சொல்லிவிட்டு டிவி பார்க்கத் தொடங்கினார். அவர் நல்லவர்தான். நல்லவர்களுக்குச் சில இடங்களில் காது கேட்காது.

அடுத்த மழைக்காலத்தில் என் கணவருக்கு டெங்கு வந்தது. சாதாரணக் காய்ச்சல் என்று இரண்டு நாள் வேலைக்கும் போனார். பிறகு ரத்த அணுக்கள் இறங்கின, இறங்கின, ஏறவேயில்லை.

உடலை வீட்டுக்குக் கொண்டுவந்தபோது மாமியார் அழவில்லை. என் பக்கத்தில் உட்கார்ந்து, போனது உடம்புதான், ஆத்மாவுக்குச் சாவு இல்லை என்று தாழ்ந்த குரலில் சொன்னார். காரியம் முடிந்து திரும்பியதும் சமையலறையிலிருந்து இஞ்சி தட்டும் கல்லை எடுத்து வந்தார். என் கையைத் தரையில் வைக்கச் சொன்னார். எங்கம்மா வந்திருந்தாள். கழற்றி வைத்தால் போதாதா என்று அவள் கேட்கும்போதே அவர் கல்லை ஓங்கிவிட்டார். இடது கை வளை முதல் அடியிலேயே உடைந்தது. வலது கையில் இருந்தது உடையவில்லை. மறுபடி மறுபடி அடித்தார். சில்லு கிழித்து மணிக்கட்டில் ரத்தம் வந்தது. தன் வளையையும் இப்படித்தான் உடைத்தார்கள் என்று மட்டும் சொன்னார்.

அதற்குப் பிறகு என் தட்டு அவர் கைக்குப் போனது. வெங்காயம் வாங்குவது நின்றது. முட்டை நின்றது. ஏகாதசி அன்று அடுப்பே எரியாது. வங்கியில் மதியம் யாராவது குழம்பைத் திறந்தால் எனக்கு வாயில் நீர் ஊறும். பிச்சைக்காரி மாதிரி முகத்தைத் திருப்பிக்கொள்வேன். மூன்று மாதம் பொறுத்தேன். ஒரு ஞாயிற்றுக்கிழமை அயிரை மீன் வாங்கி, உரசிக் கழுவி, புளி கரைத்துக் குழம்பு வைத்தேன். குளித்துவிட்டு வந்து பார்த்தால் சட்டி காலியாக இருந்தது. கழிப்பறையில் கொட்டித் தண்ணீரும் ஊற்றியிருந்தார்.

“ஆத்மா சாகாதுன்னு நீங்கதான சொன்னீங்க” என்றேன். “அவரு சாகலைன்னா நான் எப்படி மா விதவை?”

“ஆத்மாவுக்கு விதவைக் கோலம் இல்லை” என்றார். “உனக்கு நாக்கு இருக்கிறதே, அதற்கு உண்டு.”

எனக்கு அப்போது முப்பத்தொரு வயது.

எங்கம்மா உசிலம்பட்டி பஸ்ஸில் வந்து இறங்கி, நேராக விஷயத்துக்கு வந்தாள். என் மாமன் மகனுக்குப் பெண்டாட்டி இறந்து இரண்டு வருடம் ஆகிறது. டவுன் பஸ் ஓட்டுகிறார். பிள்ளை இல்லை. எங்கள் பக்கம் இதற்கு அறுத்துக் கட்டுவது என்று பேர். போன புருஷன் தாலியை அறுத்துவிட்டு இன்னொருவன் கட்டுகிற தாலியை வாங்கிக்கொள்வது. என் அத்தை அப்படிக் கட்டியவள். என் அப்பாவைப் பெற்றவளும் அப்படிக் கட்டியவள்தான். யாரும் அதைப் பெரிதாகப் பேசியதில்லை. வயிற்றுக்கு உழைக்கிற இடத்தில் ஒற்றை ஆளாக நிற்க முடியாது, அவ்வளவுதான்.

“இம்புட்டு வயசுல ஒத்தையில எம்புட்டு நாளு கெடப்ப?” என்றாள் அம்மா. “அவனும் ஒன்னய எடுத்துக்கிறேன்னு சொல்லிட்டான். ஓம் மாமியாருக்கும் சேத்து ஒரு வாய்ச் சோறு போட அவனுக்குக் கசக்கலையாம்.”

எனக்குச் சம்மதம். அன்றைக்கே சொல்லிவிட்டேன். மாமியாரிடமும் நான்தான் சொன்னேன். தேநீர் கொடுத்து, எதிரில் உட்கார்ந்து, உங்களை விட்டுவிட மாட்டேன், நீங்களும் எங்களோடு இதே வீட்டில் இருக்கலாம் என்றேன். கொள்ளுத் தாத்தா கதை சொன்ன ஆள், சந்தோஷப்படாவிட்டாலும் புரிந்துகொள்வார் என்று நினைத்திருந்தேன்.

கோப்பையைக் கீழே வைத்தார். வகுப்பில் பேசுகிற மாதிரி நிதானமாகப் பேசினார்.

“எங்கள் முன்னோர் ஒரு சுலோகத்தைக் கண்டெடுக்கப் பட்ட பாடு உனக்குத் தெரியும். கல்லடி பட்டார்கள். நீங்கள் சுலோகமே இல்லாமல் செய்கிறீர்கள். உங்கள் ஊர்ச் சந்தையில் நிற்கும் மாடுகளும் அப்படித்தான். கயிறு கை மாறினால் போதும்.”

கோப்பையை எடுத்துப் போய்க் கழுவினேன். பிறகு படுக்கையறைக் கதவைச் சாத்திக்கொண்டு கல்கத்தாவில் இருந்த அவருடைய மூத்த மகனுக்குப் போன் செய்தேன். உங்கள் அம்மாவை வந்து அழைத்துப் போங்கள், இந்த மாதத்துக்கு மேல் என்னால் முடியாது என்றேன்.

அவர் வந்தார். ஆனால் கல்கத்தாவுக்கு அழைத்துப் போக வரவில்லை. காசியில் வங்காள விதவைகளுக்கென்று ஒரு இல்லம் பார்த்து வைத்திருந்தார். கங்கைக்குப் பக்கம், தினமும் பூஜை, பேச்சுத் துணை என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். நான் சுவரோரமாக நின்றுகொண்டிருந்தேன். மகன் என்ன செய்கிறார் என்று மாமியாருக்குத் தெரியாமல் இருக்க வழியில்லை. காசிக்கு அனுப்புவதைப் பற்றி வகுப்பே எடுத்தவர் அவர். எனக்கும் தெரிந்திருந்தது. நான் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் அவர் இங்கேயே இருந்திருக்கலாம். நான் சொல்லவில்லை.

மூத்தவர் கடைசியில், பற்றை விடுகிறவனுக்கே சாந்தி என்று அர்த்தம் வருகிற ஒரு சுலோகத்தை அம்மாவுக்கே சொல்லிக் காட்டினார். சின்ன வயதில் அவர் சொல்லிக்கொடுத்ததுதானாம்.

மாமியார் கவனமாகக் கேட்டார். “மூன்றாவது சொல்லில் வேற்றுமை தவறு” என்றார். சரியான வடிவத்தைச் சொல்லி, மகனைத் திருப்பிச் சொல்லச் சொன்னார். நாற்பது வயது ஆள் தலையைக் குனிந்துகொண்டு திருப்பிச் சொன்னார். அதன் பிறகு மாமியார் எழுந்து போய்ப் பெட்டியை இழுத்து, வெள்ளைச் சேலைகளை மடித்து அடுக்க ஆரம்பித்தார்.

மதுரை ரயில் நிலையத்துக்கு நானும் போனேன். அவர் ஜன்னலோரத்தில் உட்கார்ந்து எதிர்ப்பக்கத்துத் தண்டவாளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். தண்ணீர் பாட்டிலை நீட்டினேன். மகன் வாங்கிக்கொண்டார்.

தை மாதம் மாமன் மகனோடு என் கல்யாணம் நடந்தது. எங்கள் கிராமத்து வீட்டு வாசலில், பந்தல் போட்டு, கறிச்சோற்றோடு. என் கணவர் அதிகம் பேசாதவர். இரண்டாம் வருடம் ஒரு பெண் குழந்தை பிறந்தது. கல்கத்தா வீடு இடிக்கப்பட்டு அங்கே அடுக்குமாடி எழும்புகிறது என்று பழைய வங்கி நண்பர் ஒருவர் சொன்னார்.

போன வருடம் காசி இல்லத்திலிருந்து ஒரு பெண் இந்தியில் பேசினாள். மாமியாருக்கு இரண்டு கண்ணிலும் புரை முற்றிவிட்டது, சுவரைத் தடவிக்கொண்டுதான் நடக்கிறார், மகன் போனை எடுப்பதில்லை, அதனால் பழைய எண்ணைத் தேடி என்னைக் கூப்பிட்டதாகச் சொன்னாள். நான் மூத்தவரைப் பிடித்துப் பேசினேன். இந்த வயதில் அவர் எதைப் பார்க்கப்போகிறார், மனக்கண் இருக்கிறதே என்றார்.

கண்ணுக்கு வைத்தியம் பார்க்க ஊர் ஊராக மதுரைக்கு வருகிறார்கள். எங்கள் கிராமத்துக் கிழவிகளை வேனில் ஏற்றிக்கொண்டு போய், இரண்டே நாளில் கறுப்புக் கண்ணாடியோடு கொண்டுவந்து விடுகிறார்கள். என் கணவர் லீவு போட்டுவிட்டு நானே போய்க் கூட்டி வாரேன் என்றார். இல்லத்துக்குப் போன் செய்து மாமியாரிடம் கொடுக்கச் சொன்னேன்.

குரல் மெலிந்திருந்தது. ஆனால் அதே அச்சுத் தமிழ். ஆபரேஷன் எளிதுதான், டிக்கெட் எடுக்கிறோம், முடிந்ததும் திரும்பிப் போக வேண்டுமென்றால் போகலாம் என்று எல்லாவற்றையும் சொன்னேன். குறுக்கிடாமல் கேட்டார்.

“வேண்டாம், பௌமா” என்றார். “அங்கே வந்து கண் திறந்தால், முதலில் உன்னைப் பார்க்க வேண்டியிருக்கும்.”

என்னை ஏன் இன்னும் அப்படிக் கூப்பிடுகிறீர்கள் என்று கேட்க வாயெடுத்தேன். அதற்குள் போனை அந்தப் பெண்ணிடம் கொடுத்துவிட்டார். மருந்துக்கு ஏதாவது அனுப்ப முடியுமா என்று அவள் கேட்டாள். அனுப்புகிறேன் என்றேன். அனுப்பினேன். டிக்கெட் எடுக்க வேண்டாம் என்று கணவரிடம் சொன்னேன். அவர் ஏன் என்று கேட்டார். அவங்களுக்கு விருப்பம் இல்லை என்றேன்.

மாமியார் இப்போதும் அங்கேதான் இருக்கிறார். முழுக்கவே பார்வை போய்விட்டதாம்.