தண்ணீர் வடிந்த கரை

பள்ளிக்கூடப் படிப்போடு நின்றவன் நான். ஒரு விஞ்ஞானியைப் பற்றி எழுத எனக்கு என்ன யோக்கியதை இருக்கிறது? படிப்பவர்கள் பொறுத்துக்கொள்ள வேண்டும்.

மண்சரிவு ஆராய்ச்சி செய்யும் அந்த அம்மா போன மழைக்காலத்தில் எங்கள் விழிதியூருக்கு வந்தார். வெயிலில் கறுத்த முகம், சேறு அப்பிய ரப்பர் பூட்ஸ். எங்கே நின்றாலும் ஒரு சிட்டிகை மண்ணை எடுத்து, உள்ளங்கையில் இடியாப்ப இழை போல உருட்டிக்கொண்டே இருப்பார்.

வெள்ளம் ஏறியபோது ஊரே வாய்க்கால் கரையைக் காவல் காத்தது. தண்ணீர் மளமளவென்று வடிந்ததும், இனிப் பயமில்லை என்று பசுவைக் கரையில் கட்டி, மொபெட்டையும் பக்கத்தில் நிறுத்தினேன்.

"மாட்டையும் வண்டியையும் எடுத்துடுங்கண்ணே. கரை சரியப் போவுது," என்றார் அவர்.

"எங்க ஊருல மலையே இல்லீங்களே மேடம்?"

"சாஞ்சு நிக்கிற மண்ணு போதும்ணே. இவ்வளவு நாளா வாய்க்கால் தண்ணிதான் கரையைத் தாங்கிப் பிடிச்சிச்சு. அது வடிஞ்சிடுச்சு. ஊறின கரை இப்ப கனத்துப்போய் தனியா நிக்குது." என் காலடியில் ஓடிய வெடிப்பைக் காட்டினார்.

"தண்ணி வடிஞ்சா தப்பிச்சோம்னுல்ல நாங்க..." என்று இழுத்தேன்.

அவர் மண்ணை உருட்டியபடி நகராமல் நின்றார். அந்தக் கூச்சத்தில்தான் பசுவை அவிழ்த்தேன். ஆனால் சொன்னதையெல்லாம் கேட்டுவிட்டால் என் மரியாதை என்னாவது? வண்டியை அங்கேயே விட்டேன். அவர் வண்டியைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், கையிலிருந்த மண்ணை உதறிவிட்டுப் போய்விட்டார். அந்தப் பார்வையில் இருந்தது கோபமா இரக்கமா என்று இன்னும் எனக்குத் தெரியவில்லை.

மறுநாள் காலை, சரிந்த கரையோடு வாய்க்காலுக்குள் கிடந்த மொபெட்டை நாலு பேர் கயிறு கட்டி இழுத்தார்கள். பசு கொட்டகையில் வைக்கோல் தின்றுகொண்டிருந்தது.